எட்டிலிருந்து ஒன்றுக்கு

கையைக் கழுவி, பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் உலர்த்திக்கொள்கிறார் உலகநாதன். துண்டில் துடைத்தால் நூல் ஒட்டுமாம், நூல் ஒட்டிய கையால் தாளைத் தொடக்கூடாதாம். நன்றாக உலர்ந்த பிறகுதான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கும் கறுப்பு அட்டைப்பெட்டியை மடிக்கு எடுப்பார். பெட்டி முழுக்கப் பேய்.

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கத்துக்கு எங்களை ஏற்றிவரும் ஸ்டாஃப் பஸ்ஸின் டிரைவர் அவர். வயது நாற்பத்தாறு. திருக்கழுக்குன்றம் பக்கம் விவசாயக் குடும்பம். காலை எட்டரைக்கு எங்களை இறக்கிவிட்டால் மாலை ஐந்து வரை வண்டிக்கும் வேலையில்லை, அவருக்கும் வேலையில்லை. மற்ற டிரைவர்கள் வேப்பமரத்தடியில் சீட்டாடுவார்கள். இவர் ஜப்பான்காரன் வரைந்து இங்கிலீஷில் அச்சான பயங்கரப் படக்கதையைப் படிப்பார். பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைக்கும்தான். "எழுத்து கொஞ்சந்தான் சார் புரியுது. இன்னா நடக்குதுன்னு படமே சொல்லிடுது."

மதியச் சாப்பாட்டை அவரோடு பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுவது என் வழக்கம். ஆரம்பத்தில் நானும் கிண்டல்தான் செய்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்கவுண்ட்ஸ் வரதன் தினமும் ஒரு தடவை சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கமாட்டார். உலகநாதன் சிரித்துக்கொண்டே ஹாரனை ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், காசிநாதனின் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் படித்து முடித்ததைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துப் போகிற கடை. இரண்டாயிரத்து ஆறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பெஷல் டிரிப் போன இடத்தில் உலகநாதன் அதைப் பார்த்திருக்கிறார். எட்டுப் புத்தகம் கொள்ளும் பெட்டி, உள்ளே எட்டாவது மட்டும் சாய்ந்து கிடந்தது. அட்டையில் கடல், கன்னங்கரேலென்று. அந்தப் படத்துக்காகத்தான் வாங்கினாராம்.

நம் ஊர்ப் புத்தகத்தைப் போல இடப்பக்கத்திலிருந்து திறந்திருக்கிறார். எடுத்த எடுப்பில் 'நில், நீ தவறான வழியில் போகிறாய்' என்று இங்கிலீஷில் பெரிய எழுத்து. "பேய் சொல்லுது சார், உள்ள வராதேன்னு. ஆரம்பத்துலயே மெரட்டுது பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் மீதி இருந்தது: இது ஜப்பானிய முறையில் அச்சான புத்தகம், மறுபக்கத்திலிருந்து தொடங்கவும். பேயுமில்லை பிசாசுமில்லை, புத்தகம் போட்டவன் எழுதிய குறிப்பு. மனிதர் கதையை முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கடலோரம் ஒரு ஊரு சார். வூடெல்லாம் காலி, ஒருத்தரும் இல்ல. அப்பாலிக்கா பாத்தா கடல் ஒவ்வொருத்தரா திருப்பிக் குடுக்குது. ஒரு கெழவன் எழுந்து வரான். நாய் வருது. ஒரு பொண்ணு கீது, ஒம்போது வயசிருக்கும். அது எப்ப வூட்டுக்கு வந்து சேரும்னு தெரியல. ஒண்ணாம் நம்பர்ல வந்துடும்னு நெனைக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டேன். இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், அரைப்பரீட்சை லீவுக்கு, மகள் துர்காதேவியைச் சதுரங்கப்பட்டினத்தில் மச்சினி வீட்டில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கடல் காலையிலேயே வந்துவிட்டது. மச்சினி பிழைத்தாள், பிள்ளை கிடைக்கவே இல்லை. ஒன்பது வயது.

அதற்குப் பிறகு, நிறுத்தின வண்டியின் முன்கதவை உலகநாதன் சாத்துவதில்லை. மழையடித்தாலும் சாத்துவதில்லை. தெருநாய் ஏறி சீட்டில் படுத்துக்கொள்கிறது என்று வண்டி முதலாளி எவ்வளவோ திட்டிப் பார்த்தார். "தொறந்தே கெடக்கட்டும் சார்" என்பார்.

பெட்டியை வீட்டுக்கும் கொண்டுபோனதில்லை. அட்டைக்கு அட்டை கடல். "வேண்டா கண்ணுல பட்டுச்சுன்னா அவ தாங்க மாட்டா" என்பார். வேண்டா அவர் மனைவி. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டு, மேலே எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

லீவு நாளில் எல்லாம் மாமல்லபுரம் போய்க் காசிநாதனை நச்சரித்து, மூன்று வருஷத்தில் ஆறு புத்தகம் சேர்த்தார். கிடைத்ததைக் கிடைத்தபடி படிக்கிற ஆளில்லை. ஐந்து முதலில் கிடைத்துவிட்டது. ஆறுக்காகப் பதினோரு மாதம் அதைத் திறக்காமலே வைத்திருந்தார். "ஆறு வராம அஞ்ச தொட்டா, நடுவுல கீறவங்க எப்பிடி சார் வந்து சேருவாங்க?" என்று கேட்டார். கடைசியாக ஒன்றாம் எண் மட்டும் பாக்கி நின்றது. மற்றவை சாயாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு தெர்மோகோல் துண்டைச் செருகியிருந்தார்.

என் மருமகன் கிரிதர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனிடம் சொல்லி வாங்கிவரச் செய்தேன். கைக்கு வந்ததும் நான்தான் முதலில் படித்தேன், வலப்பக்கத்திலிருந்து, முறைப்படி. முதல் பக்கத்தில் அந்தப் பெண் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, கடலைப் பார்க்கப் போகிறாள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு நாள் புத்தகம் என் பையிலேயே கிடந்தது. அவர் ஏமாந்துபோவாரே என்று பயம். சொல்லிவிட்டுக் கொடுப்பதுதான் நியாயம் என்றும் பட்டது.

போன புதன்கிழமை கொண்டுபோனேன். "உலகநாதன், இதைப் படிக்கிற முறை ஒன்று இருக்கிறது" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும். தெரியும் சார். ஏழு வாங்கப் போனப்பவே காசிநாதன் சொல்லிட்டாரு."

"பிறகு ஏன்?"

"அப்பிடிப் படிச்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா சார்?"

கையைக் கழுவினார். ஜன்னலுக்கு வெளியே நீட்டி உலர்த்தினார். இடப்பக்கத்திலிருந்து திறந்தார். நான் ஆபீசுக்குத் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து அவளைக் கூட்டி வந்தார். கடலிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வாசற்படிக்கு. கடைசித் தாளில் செருப்பு இல்லை. அவள் முன்னால் தட்டு, தட்டில் சோறு, இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும்.

"வந்துட்டா" என்றார்.

புத்தகத்தை மூடவில்லை. விரித்தபடியே என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். காலி சீட்டுகளைத் தாண்டிப் போய், பஸ்ஸின் முன்கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டினார்.