கல் பங்களாவில் கருத்தம்மா பார்த்த கல்யாணம்

போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது கல் பங்களா. வெள்ளைக்காரக் காப்பித் தோட்ட முதலாளி ஒருவர் கட்டி, நூறு வருடத்தை நெருங்கிய வீடு. பருவத்தில் அதன் கூடத்தில் ஏலக்காயைக் கொட்டித் தரம் பிரிப்பார்கள். மற்ற மாதங்களில் கல்யாணங்களுக்கு விடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் வாசம் போகாது. அங்கே தாலி கட்டிக்கொண்ட பெண்களின் பட்டுச்சேலையில் ஒரு மாதத்துக்கு ஏலக்காய் மணக்கும்.

வீட்டுக்கார அம்மாள் பொன்னுமணிக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்தபோது, 1978-ல், அவரைக் கவனிக்க நர்ஸாக நான் போனேன். வீட்டைக் கவனித்தவள் கருத்தம்மா. வவ்வால் எச்சத்தைச் சுரண்டுவது முதல் அடுப்புக்கு விறகு எண்ணிப் போடுவது வரை எல்லாம் அவள்தான். மாடிக்கு ஏறும் மரப்படி பழசு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஏறினால் ஆபத்து. கல்யாணத்தன்று அவள் படியடியில் நின்று கத்துவாள்.

"சம்பந்தியா இருந்தாலும் அஞ்சு பேருதேன்! ஏ அண்ணே, ஆறாவதா ஏறுற ஆளு, எறங்கு!"

இறங்கிவிடுவார்கள். ஆனால் கெட்டிமேளம் தொடங்கினால் ஒதுங்குவது அவள். விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். அவள் புருஷன் மலைச் சாலையில் ஜீப்பு கவிழ்ந்து இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. விதவை பார்க்க யாரும் தாலி கட்ட மாட்டார்கள். பன்னிரண்டு வருடக் கல்யாணங்களில் அவள் ஒரு தாலியும் கழுத்தில் ஏறிப் பார்த்ததில்லை.

மறு வருடம் வைகாசியில் அவளுடைய ஒரே மகள் குருவம்மாளுக்குக் கல்யாணம். பொன்னுமணி அம்மாள் கூடத்தைச் சும்மா கொடுத்தார். ராசிங்காபுரத்து மாப்பிள்ளை. முந்தின நாளே மாப்பிள்ளையின் அத்தை வந்து இனிமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"நாங்க ஒண்ணும் சொல்லல தாயி. சபையில நாலு பேரு கண்ணு இருக்குல்ல. அந்த நேரம் மட்டும் ஒதுங்கிக்கங்க."

"எனக்குத் தெரியாதா மதினி? நானே போயிருவேன்" என்றாள் கருத்தம்மா. பிறகு கிணற்றடியில் அண்டாவைத் தேய்த்த தேய்ப்பில் ஓட்டை விழாதது ஆச்சரியம்.

"பாக்கணும்னு இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு நர்சக்கா. எம் பார்வை பட்டு அவளுக்கு ஒண்ணுன்னா?"

"உன் கல்யாணத்தை எந்த விதவை பாத்தா?"

"ஒருத்தியும் பாக்கல."

"பெறகு ஜீப்பு ஏன் கவுந்துச்சு?"

அண்டாவைத் திருப்பிப் போட்டாள்.

அன்று மாலை அதைப் பொன்னுமணி அம்மாளிடம் சொன்னேன். அவருக்கு வாய் குழறும், புத்தி குழறாது. "நாளைக்கு என்னையக் கூடத்துக்குத் தூக்கு" என்றார்.

உட்கார வைத்தால் அவர் உடம்பு இடப்பக்கம் சரியும். வழக்கமாக ஒரு துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். மறுநாள் காலை நான் துண்டைக் கட்டவில்லை. மணமேடைக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, பின்னால் என் முழங்காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"கருத்தம்மா, வெரசா வா! அம்மா சரியுறாக. எடது தோளப் பிடி."

கை ஈரத்தோடு ஓடி வந்து பிடித்தாள். மாப்பிள்ளையின் அத்தை எழுந்தாள்.

"பிடிக்க வேற ஆளே இல்லையா?"

"இவ விட்டா... நா விழுவேன்" என்றார் பொன்னுமணி அம்மாள். அத்தை உட்கார்ந்தாள். பொன்னுமணி அம்மாளும் விதவைதான். அதை அன்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வீடு அவர் பேரில் இருந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. கருத்தம்மாவின் கால்கள் பழக்கத்தில் பின்கட்டுப் பக்கம் திரும்பின. பிடி நழுவியது. அம்மாள் சரிந்தார். நான் முழங்காலால் தாங்குவதற்குள் அவளே பாய்ந்து, இரண்டு கையாலும் அணைத்து நிமிர்த்தினாள். நிமிர்ந்தபோது எதிரே மகள். இனி எங்கும் போக முடியாது. பார்த்தாள்.

கண்ணைத் துடைக்கக் கை இல்லை. ஒரு கை அம்மாளின் முதுகில், மற்றது தோளில். நானும் துடைத்துவிடவில்லை, கண்ணீர் வடியட்டும் என்று விட்டேன். பொன்னுமணி அம்மாள் தன் நல்ல கையால் மடியிலிருந்த அட்சதை அரிசியை அள்ளி, தனக்கும் கருத்தம்மாவுக்குமாகச் சேர்த்து வீசினார்.

அதற்குப் பிறகும் ஊரார் கல்யாணங்களில் கெட்டிமேளம் கேட்டால் அவள் பின்கட்டுக்குத்தான் போனாள். குருவம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மாப்பிள்ளை திடமாக இருக்கிறார். மகள் கல்யாணத்தன்று பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கும்போது கருத்தம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மாப்ளைக்குக் கை நடுங்குச்சு, பாத்தியா நர்சக்கா? மூணாவது முடிச்ச நாத்தனாதேன் போட்டா. நல்லா இறுக்கித்தேன் போட்டா."