சீட்டுக்கு அடியில் ஓர் எழுத்து

எலப்புள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் தூரம். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் நாட்களில் சைக்கிளை ஒரு டீக்கடையின் பக்கத்தில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறுவேன். ஒரு சாயங்காலம் திரும்பியபோது சைக்கிள் இல்லை.

டீக்கடைக்காரம்மா பார்த்திருந்தார். "ஒருத்தன் பின்னாடி சக்கரத்தத் தூக்கிப் புடிச்சு உருட்டீட்டுப் போனானுங்க. பஞ்சராக்கும்னு நெனச்சுட்டேன்."

ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரேம் நம்பர் உண்டோ?" சைக்கிளுக்கு அப்படி ஒரு நம்பர் இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. வேறு அடையாளம் கேட்டார். வாங்கிய புதிதில் சீட்டுக்கு அடியில், இரும்பில், என் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் கீறியிருந்தேன். 'ம' என்று சொன்னேன். போனில் இருந்த படத்தையும் கொடுத்தேன். அதே படத்தை என்னோடு வேலை செய்யும் பெண்களுக்கும் அனுப்பினேன். கிடைக்கும் என்று நம்பவில்லை. நடந்து போகப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களில் ஒருத்தி மீனாட்சிபுரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, உங்க சைக்கிளாட்டவே ஒண்ணு பால் சொசைட்டி முன்னால நிக்குதுங்க. நான் போயி ஒண்ணும் கேக்கல. நீங்க போலீசுக்குச் சொல்லீட்டு வாங்க."

அங்குள்ள ஸ்டேஷனில் விஷயத்தைச் சொல்லி ஒரு போலீஸ்காரரோடு போனபோது, ஒரு பெரியவர் என் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தில் பூட்டு இல்லை. இது என் சைக்கிள் என்றதும் அவர் கை நின்றது.

"நாந் திருடலீங்க. சந்தைக்கு வெளிய ஒருத்தன் வித்தான், காசு குடுத்துத்தானுங்க வாங்குனேன்."

போலீஸ்காரர் சைக்கிளைச் சாய்த்துச் சீட்டுக்கு அடியில் பார்த்தார். மலையாளியான அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "இது எந்தா?" என்று பெரியவரிடமே கேட்டார். பெரியவர் குனிந்து பார்த்தார்.

"'ம'ன்னு கீறியிருக்குதுங்க" என்றார்.

பிறகு அவரே கயிற்றை அவிழ்த்துக் கேனை இறக்கி வைத்தார். விற்றவனின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு போலீஸ்காரர் அவரை விட்டுவிட்டு, சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார். நான் வாடகைக்கு ஒரு பெட்டி ஆட்டோ பிடித்துச் சைக்கிளை ஏற்றினேன். பொருள் கிடைத்த சந்தோஷம் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில், காலிக் கேனோடு அவர் ரோட்டோரம் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"ஏறிக்குங்ணா, போற வழியில எறக்கி உட்டர்றேன்."

"வேண்டாம் அம்மிணி, நான் நடந்தே போய்க்கறேன்" என்றார். வெயில் உறைத்தது. ஆட்டோக்காரர் அதட்டியதும் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். மேடு பள்ளத்தில் சைக்கிள் சாயாமல் அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு தென்னந்தோப்புக்கு வழி பிரியும் இடத்தில் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"சக்கரத்தப் பூட்டுனா மட்டும் பத்தாது அம்மிணி. சங்கிலி போட்டு ஒரு கம்பத்தோட சேத்துப் பூட்டோணும்."

இப்போது அப்படித்தான் பூட்டுகிறேன். ஃப்ரேம் நம்பரையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். திருடியவன் இதுவரை அகப்படவில்லை.