தாயக்கட்டத்தில் எழுத்துப் படித்தேன்

டெல்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டி முடிந்து, அடுத்து வந்த தை மாதம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரம்மா வாரம் இரண்டு மத்தியானம் வருவார். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது.

நான் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. என் மகன் கொழும்பில் வேலையாக இருந்தான். அவன் கடிதத்தை என் கொழுந்தனார்தான் வாசிப்பார். கண்ணை ஓடவிட்டு, "சொகமாத்தான் இருக்கான்" என்று மடித்துவிடுவார். நாலு பக்கம் எழுதினவன் அவ்வளவுதானா சொல்லியிருப்பான் என்று எனக்கு மனசு ஆறாது.

ஆனால் சிலேட்டைப் பிடித்தால் தூக்கம் வந்தது. பாதிப் பேர் வராமல் நின்றேவிட்டார்கள். ஒருநாள் டீச்சரம்மா சீக்கிரம் வந்தபோது நாங்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் கோபிக்கவில்லை. தரையில் கீறியிருந்த கட்டங்களில் சுண்ணாம்புக்கட்டியால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். காய் நிற்கும் கட்டத்தின் எழுத்தைச் சொல்ல வேண்டும்; தெரியாவிட்டால் காய் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அவ்வளவுதான், நின்றவர்களெல்லாம் ஓடி வந்தார்கள்.

தாயத்தில் என்னை வென்றவர் அந்தத் தெருவில் கிடையாது. ஒரு மாதத்தில் எந்தக் கட்டத்திலும் நான் தடுமாறவில்லை. இனிமேல் கடிதத்தை நானே வாசித்துக்கொள்வேன் என்று கொழுந்தனாரிடம் சொல்லியும்விட்டேன்.

கடிதம் வந்தது. எல்லாரும் பார்க்கப் பிரித்தேன். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"என்ன மைனி, எழுத்தெல்லாம் எடம் மாறி உக்காந்திருக்கோ?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஒரே சிரிப்பு.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "அதாம்மா விஷயம். எழுதினத அழிக்காம விட்டது என் தப்பு. நீங்க எழுத்தப் பாக்கல, கட்டத்தப் பாத்துல்லா சொல்லியிருக்கிய" என்றார்.

உண்மைதான். என் பக்கத்து மூலையிலிருந்து மூன்றாவது கட்டம் 'க' என்று தெரியும். 'க' எப்படி இருக்கும் என்று தெரியாது.

அன்றிலிருந்து வரும்போதெல்லாம் அழித்து, இடம் மாற்றி எழுதினார். என் காய் நடந்ததைவிடத் திரும்பியதுதான் அதிகம். "மைனி காய வெட்டவே வேண்டாம், அவுகளே திரும்பிப் போயிருவாக!" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்தாள். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. எழுத்துக்குப் பிறகு கால், கொம்பு, சுழி எல்லாம் கட்டத்துக்கு வந்தன.

வைகாசியில் வந்த கடிதத்தை ஒரு மத்தியானம் முழுக்க விரல் வைத்து வாசித்தேன். கடைசி வரியில், 'அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? யாரும் எழுதவில்லையே' என்று இருந்தது. பெட்டியிலிருந்த பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி. கொழுந்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது ஒரு சேதியாகவே தோன்றியிராது.

'வலி தேவலை' என்று என் கையாலேயே பதில் எழுதினேன்.

நான் ஜெயித்த ஆட்டங்கள் எத்தனையோ, ஒன்றுகூட நினைவில் இல்லை. எல்லாரும் பார்க்கத் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மாதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.