இரண்டரை மணிப் பேச்சு

மதியம் இரண்டரை மணிக்கு அக்கா பேசுவதாக இருந்தது. நிகழ்ச்சித் தாளில் என் பெயருக்கு மூன்று வரி கீழே அவருடைய பெயர். ஓடிபி கேட்டு போன் வந்தால் வீட்டுப் பெண்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் தலைப்பு. நான்கு பக்கம் கையால் எழுதி வைத்திருந்தார். வாசலில் பெயர் பதியும் மேசையில் உட்கார்ந்தபடி, ஆள் வராத இடைவெளிகளில் உதடு மட்டும் அசைய அதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வதும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போவதுமாக இருந்த அந்தக் காலைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அந்தப் பேச்சை அவர் பேசவே இல்லை. அதற்குக் காரணம் நான்.

திண்டுக்கல்லில் ஹேக்கர்கள் கூடிப் பேச ஒரு நாள் வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். அதை நடத்திக் காட்டியது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைத்த அவர்தான். ஊரில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யும் ஒரு கூடத்தில் வரவேற்பில் வேலை பார்த்தார். கணவர் தோல் மண்டியில் கணக்கர். கணினியை யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டவர் அக்கா. ஹேக்கர் என்றதும் கல்யாண மண்டபத்து மேலாளர், திருட்டுக் கூட்டத்துக்கெல்லாம் மண்டபம் கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்காதான் போய்ப் பேசினார். திருடன் எந்த வழியாக வருவான் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறவர்கள் இவர்கள் என்று அவர் விளக்கியபோது மேலாளர் சிரித்துவிட்டு, தன் வீட்டு வைஃபையையும் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னாராம்.

கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு அக்கா ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். அவர் வேலை பார்த்த இடத்தில் பரிசோதனை முடிவுகளை போனுக்கு இணைப்பாக அனுப்புவார்கள். இணைப்பின் கடைசியில் ஒரு எண் இருக்கும். அய்யலூரிலிருந்து ஒரு பெரியவர் அழைத்து, செய்தியைத் திறக்கத் தெரியவில்லை என்றார். அக்கா எண்ணைச் சொல்லச் சொல்ல, பேரன் தட்டியிருக்கிறான். "ஏம்மா, எனக்கு சுகர் பாக்கச் சொன்னா யாரோ பொம்பளப்பிள்ளயோட ஸ்கேன் வருது" என்றாராம் பெரியவர். ஒரே ஒரு எண் மாறியிருந்தது. அவ்வளவுதான், அடுத்தவர் உடம்பு திறந்துகொண்டது. அக்கா அன்றே முதலாளியிடம் சொன்னார். மென்பொருள்காரர் அடுத்த மாதக் கடைசியில் வந்து சரி செய்வார் என்று பதில் வந்தது. எங்கள் கூட்டமோ அதற்குப் பத்து நாள் முன்னால்.

அக்கா இதைச் சொன்னதும் எனக்குக் கை துறுதுறுத்தது. அதை மேடையில் பேசலாமா என்று கேட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, பூட்டுப் போட்ட பெறகு ஊரக் கூப்டு. தெறந்து கெடக்கும்போது கூப்டாத" என்றார். சரி என்றேன். வேறு பேச்சு தயாரித்தேன், கண்காணிப்பு கேமராக்களின் கடவுச்சொல் பற்றி.

எனக்கு முன்னால் பேசியவர் சென்னையிலிருந்து வந்தவர். கூட்டம் அவரை விடவே இல்லை. நான் ஏறிப் பத்து நிமிடத்தில் முன்வரிசையிலேயே போனை எடுத்துவிட்டார்கள். பின்னால் ஒருவர் எழுந்து போனார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பரிசோதனைக் கூடத்தின் இணைப்பைத் திரையில் திறந்து, கடைசி எண்ணை மாற்றி, விசையைத் தட்டினேன். ஒரு பெண்ணின் பெயர், வயது, ஊர், கீழே பரிசோதனை முடிவு. மூடுவதற்குச் சில நொடிகள் ஆயின. எந்த ஊர், என்ன முடிவு என்று இங்கேயும் எழுதமாட்டேன். மண்டபம் கைதட்டியது. வாசல் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குள் யாரோ சொல்லி முதலாளியே வந்துவிட்டார். நேராக அக்காவின் மேசைக்குப் போனார். இது வெளியே தெரிய உன்னைத் தவிர வேறு யாரம்மா என்று கேட்டார். நான் கையில் தட்டோடு நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். அக்கா ஒருமுறை என் பக்கம் பார்த்தார். பிறகு அவரிடம், "ஆமா சார். நாந்தான் சொன்னேன்" என்றார். சொன்னது உண்மைதான். சொல்லாதே என்று என்னைத் தடுத்ததும் உண்மை. அதைச் சொல்லவேண்டியவன் நான். வாயில் சோறு இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் முதலாளி போய்விட்டார் என்று வெகுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா வருகைப் பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டரை மணிக்கு நான் மேடையேறி, சொந்த வேலை காரணமாக அவர் பேச இயலவில்லை என்று அறிவித்தேன்.

அவருக்கு வேலை போயிற்று. அன்று மாலையே ஓட்டை அடைக்கப்பட்டது. பார், நான் காட்டியதால்தானே என்று அதையும் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் எடுத்த என் பேச்சின் காணொளியைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு நிறுவனம் என்னை அழைத்தது. ஓட்டையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்கள். விளக்கமாகச் சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆண்டுதோறும் நடக்கும் அந்தக் கூட்டத்தை இப்போது நடத்துகிறவர்கள் இந்த ஆண்டு என்னைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்தார்கள். முந்தின நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். பேருந்து நிலையத்துப் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் இருக்கிறார். டீ வாங்கிவரச் செய்தார். பேச்சுவாக்கில்தான் அந்த விஷயம் வந்தது: முதல் கூட்டம் முடிந்த மறுவாரமே இரண்டு பேருந்து மாறி, திரையில் பெயர் தெரிந்த அந்தப் பெண்ணின் ஊருக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஏன் போனீர்கள் என்றேன். "அம்புட்டுப் பேரு பாத்துட்டாங்க. அவளுக்கு மட்டும் தெரியாம இருக்கலாமா?" என்றார். அந்தப் பெண், சேதி இத்தோடு நின்றுவிடும்தானே என்று கேட்டாளாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டே, "எங்கிட்ட எதுக்கு தம்பி? நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டச் சொல்லு" என்றார். நாளை வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டதற்கு, வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேடையில் தயாரித்த பேச்சை விட்டுவிட்டு இதைச் சொன்னேன். கண்டுபிடித்தவர் யார், தடுத்தவர் யார், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யார் என்று எல்லாவற்றையும். யாரும் கைதட்டவில்லை. கீழே இறங்கியதும் வடமதுரையில் கேமரா கடை வைத்திருக்கும் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முதல் கூட்டத்துக்கும் வந்தவராம்.

"அன்னைக்கு நீங்க காட்டுனதும், சாப்பாட்டு வரிசையில நின்னுக்கிட்டே நானும் அந்த லிங்க போன்ல அடிச்சு நம்பர மாத்தி மாத்திப் பாத்தேன் சார். ஏழெட்டுப் பேரோடது. அதுல ஒண்ணு எங்க தெருக்காரங்களோடது" என்றார். "அவங்க இன்னைக்கும் எங்கிட்ட நல்லாத்தான் பேசுறாங்க."

ஒரு பெண், சில நொடிகள் என்றுதான் அதுவரை என் தவற்றை அளந்து வைத்திருந்தேன். அந்த வரிசையில் அன்று எத்தனை பேர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எல்லோருமே குனிந்துதான் நின்றிருந்தார்கள்.