பெயர் கேட்காத பொத்தான்

சாப்பாட்டு இடைவேளையில் ஃபேஸ்புக் பார்க்கும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிவைத்துக்கொள்கிறார் இஸ்திரி அக்கா. சுண்டுவிரல் நுனியால்தான் திரையைத் தள்ளுகிறார், பெட்டியின் சூடு பார்ப்பதுபோல. "இந்தக் கட்டைவிரலுக்கு வாய் ஜாஸ்தி" என்பார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவர் வேலை. அவற்றை மடிப்பது என் வேலை. போன வருஷம், சூடு தாங்க முடியவில்லை என்று எங்களில் ஒருத்தி எழுதிய பதிவுக்கு அக்கா லைக் போட்டுவிட்டார். மறுநாளே மேற்பார்வையாளர் அருகில் வந்து, "என்னம்மா, உங்களுக்கும் சூடு தாங்கலையோ?" என்று சிரித்தார்.

"கை பட்டுருச்சு சார்."

அந்த வாரமே ஜன்னலோர மேசையிலிருந்து பாய்லர் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அக்கா கணக்கை மூடவில்லை. வெளியூரில் இருக்கும் மகன் பேரனின் படங்களை அதில்தான் போடுகிறான். பார்த்துப் பார்த்து உருகுவார். லைக் மட்டும் கிடையாது. "பேரனைப் பிடிக்கலையாம்மா?" என்று மகன் ஒருமுறை கேட்டே விட்டான். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை சங்கத் தேர்தல் மெஷினில் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மேற்பார்வையாளரின் ஆளை எதிர்த்து நின்றது, எங்களோடு வேலை பார்க்கும் அக்காவின் நாத்தனார்.

"அண்ணி, அது பேரே கேக்காது. பட்டனை அமுக்குனா முடிஞ்சுது."

"அன்னைக்கும் பட்டனைத்தானே அமுக்குனேன்?"

"சீட்டுன்னா போடுவீங்கல்ல?"

"சீட்டை நானே மடிச்சு நானே பெட்டிக்குள்ள போடுவேன். இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரு கண்டா?"

"சத்தியமா எனக்கும் தெரியாது அண்ணி. ஆனா நீங்கல்லாம் பயந்து வராம இருந்தா, அவங்க ஆளு சும்மாவே ஜெயிச்சிருவான். அப்புறம் ஆயுசுக்கும் பாய்லர் பக்கந்தான்."

தேர்தலன்று வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றார். "மேல கேமரா ஏதும் இருக்கா பாரு" என்று கிசுகிசுத்தார். இல்லை என்று நான் சொல்லியும் தானே ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். பிறகு விடுவிடுவென்று அட்டை மறைப்புக்குப் பின்னால் போய்விட்டார். பீப் என்று சத்தம் கேட்டது. எனக்கு மூச்சு வந்தது. அக்கா மட்டும் வரவில்லை.

"ஆச்சும்மா, வாங்க" என்றார் அதிகாரி.

மறைப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். ஏப்ரன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, எதுவும் அழுந்திவிடாதபடி மெல்ல மெல்ல, ஒன்றுவிடாமல் எல்லாப் பொத்தான்களையும் துடைத்துக்கொண்டிருந்தார்.