டி.சி. கொடுக்காத டீச்சரம்மா

எங்க வீட்டம்மா நடத்துற பள்ளிக்கூடத்துக்கு ஊர்ல வெச்ச பேரு டி.சி. ஸ்கூல். மத்த ஸ்கூல்ல டி.சி. குடுத்துத் துரத்தின பிள்ளைங்கதான் இங்க வந்து சேருவாங்க, அதனால அந்தப் பேரு. ஆரம்பத்துல கிண்டலாத்தான் சொன்னாங்க. இப்போ அந்தப் பேரைச் சொன்னாத்தான் வாடகை வண்டிக்காரங்களே சரியா கொண்டுவந்து நிறுத்துறாங்க. டி.சி.யோட உள்ள வந்த பிள்ளைங்க எத்தனையோ பேரு. டி.சி.யோட அழுதுக்கிட்டே வெளிய போன பிள்ளை ஒண்ணுகூட கிடையாது. படிச்சு முடிச்சோ, வீடு மாறியோ போறவங்களுக்கு எழுதிக் குடுக்குறது வேற. ‘உன் பிள்ளை எங்களுக்கு வேணாம்’னு தண்டனையா அவ கை எழுதினதே இல்ல. ஒரே ஒரு தடவை எழுதுச்சு. யாருக்குன்னு நினைக்கறீங்க? நான் பெத்த பிள்ளைக்கு!

அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா முன்கதை இல்லாம சொன்னா, ‘இதென்னய்யா பெரிய விஷயம்’னு எழுந்து போயிடுவீங்க. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. எனக்கு லேத் பட்டறை. நாள் பூரா மெஷின் சத்தத்துல நிக்கறவன், அதனால நான் சாதாரணமா பேசினாலே சண்டை போடுற மாதிரிதான் இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.

கல்யாணம் ஆன புதுசுல அவ ஒரு பெரிய தனியார் பள்ளியில சயின்ஸ் டீச்சர். பளபளன்னு மாடிக் கட்டடம், வாசல்ல சீருடை போட்ட காவலாளி, எல்லாம் உண்டு. அங்க ஒரு வழக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது, தேறமாட்டாங்கன்னு தோணுற பிள்ளைங்களோட அப்பா அம்மாவைக் கூப்பிடுவாங்க. இனிக்க இனிக்கப் பேசி, டி.சி.யைக் கையில திணிச்சு அனுப்பிடுவாங்க. மிச்சம் இருக்கறவங்க எல்லாரும் பாஸ். உடனே வாசல்ல போர்டு, ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ன்னு. அடேங்கப்பா! கோணலா வந்ததையெல்லாம் குப்பையில வீசிட்டு, என் பட்டறையில கோணலே வராதுன்னு நான் சொன்னா எவனாவது ஒத்துக்குவானா?

ஒரு வருஷம் அந்த போர்டை எழுத வந்த பெயின்டரோட பொண்ணும் அதே ஸ்கூல்ல படிச்ச பொண்ணுதான். அதுக்கும் அந்த வருஷம் டி.சி. குடுத்துட்டாங்க. மனுஷன் ஏணியில நின்னு ‘நூறு’ன்னு அழகா எழுதி முடிச்சு, கீழ இறங்கி, பிரஷ்ஷைத் துணியில துடைச்சுக்கிட்டே இவளைக் கேட்டாராம்: “டீச்சர், எங்க பொண்ணையும் சேத்து எண்ணியிருந்தா இது எவ்வளவு வந்திருக்கும்?” கோபமா கேக்கலையாம். நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாராம்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ செருப்பைக்கூடக் கழட்டல.

“நான் வேலையை விட்டுட்டேங்க” அப்படின்னா.

“சரி, கோபம் தணிஞ்சதும் போய்ச் சேர்ந்துக்கோ” அப்படின்னேன்.

“உங்க பட்டறைக்குப் பின்னாடி இருக்கற ஷெட்டைக் காலி பண்ணிக் குடுங்க.”

எதுக்குன்னு நான் கேக்கவே இல்ல. அந்த முகத்தைப் பார்த்தா நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க.

பெயின்டர் பொண்ணு, அப்புறம் அதே மாதிரி துரத்தப்பட்ட ரெண்டு பசங்க. அவ்வளவுதான் பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் நான் லேத்தை ஓட்டுவேன், அந்தப் பக்கம் அவ தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துவா. பொறுத்துப் பார்த்துட்டு ஒரு நாள் நேரா வந்து மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் எனக்கும் பள்ளிக்கூட நேரம்தான், மணி அடிச்சாத்தான் மெஷின் ஓடும். என் வாடிக்கையாளர்லாம் ‘என்னய்யா, நீ எத்தனாம் கிளாஸ்?’னு மானத்தை வாங்கினாங்க.

பெஞ்செல்லாம் நான் வெல்டிங் வெச்சு அடிச்சது. பெருமையா செஞ்சேன், ஆனா விளிம்பை அரம் போட்டுத் தேய்க்க மறந்துட்டேன். பாவாடை, கால்சட்டை ஒண்ணு பாக்கியில்ல. ஒரு அம்மா வந்து, “ஏம்ப்பா, அறிவு வளருதோ இல்லையோ, துணி மட்டும் நல்லா கிழியுது” அப்படின்னு ஒரு போடு போட்டாங்க பாருங்க, அன்னைக்கே அத்தனை பெஞ்சையும் தேய்ச்சு வெச்சேன்.

அப்புறம் பிள்ளைங்க பெருகி ஒரு வாடகை வீட்டு மாடிக்குப் போனோம். அங்கீகாரம் குடுக்கறதுக்கு ஒரு அதிகாரி வந்தாரு. சமையலறை மேடையில சோதனைக் குழாய், பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல ‘அமிலம், தொடாதே’ன்னு எழுதியிருக்கு. “என்னம்மா, இது சமையலறையா ஆய்வுக்கூடமா?” ன்னு கேட்டாரு. “ஆய்வுக்கூடம்தான் சார். இங்க சமைச்சதைச் சாப்பிட்டா நீங்க உயிரோட போகமாட்டீங்க” அப்படின்னுட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அவர் சிரிச்சுட்டாரு. எத்தனையோ நடைக்கு அப்புறம் அங்கீகாரமும் வந்துச்சு, மெல்ல மெல்ல சொந்தக் கட்டடமும் வந்துச்சு.

அங்கீகாரம் கிடைச்சு முதல் ரிசல்ட் வந்தப்ப பெயின்டர் தானாவே பிரஷ்ஷோட வந்து நின்னாரு. நம்ம பிள்ளைங்கள்ல பாதிப் பேர்தான் தேறியிருந்தாங்க. “எத்தனை சதவீதம்னு போடட்டும் டீச்சர்?” அப்படின்னாரு. “சதவீதம் வேணாம். ‘பத்தாம் வகுப்பில் இருந்த எல்லாரும் தேர்வு எழுதினார்கள்’னு எழுதுங்க” அப்படின்னா. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. மூச்சு விட்டதுக்கெல்லாம் மாலை போடுவாங்க போலன்னு என் காதுபடவே பேசினாங்க. பேசட்டுமே! எந்த ஸ்கூலுக்காவது தைரியம் இருந்தா அந்த வரியை எழுதிப் பார்க்கட்டும்.

டி.சி. கிடையாதுன்னா செல்லம் குடுக்குறான்னு நினைச்சுடாதீங்க. தோத்தவங்களுக்கு அடுத்த திங்கட்கிழமையே மறுபடி கிளாஸ். வரலைன்னா வீட்டுக் கதவைத் தட்டி, சாப்பிட்டுக்கிட்டு இருந்தா கை கழுவ வெச்சு இழுத்துக்கிட்டு வருவா. பிள்ளைங்க அவளைக் கண்டா நடுங்கும். ஆனா வெளிய தள்ளமாட்டான்னும் அதுங்களுக்கு நல்லாவே தெரியும்.

இந்தக் கொள்கை பிடிக்காத ஒரே ஆள் கணக்கு சார். சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது, முகத்துல ஒரு சிரிப்பு இருக்காது. ஜன்னல் உடைஞ்சா, “மேடம், இவனுக்கு டி.சி. குடுங்க.” எவனாவது அவர் ஸ்கூட்டர்ல காத்தை இறக்கினா, “மேடம், இவனை அனுப்பிடுங்க, அப்பதான் மத்தவன் உருப்படுவான்.” இவ ஒரே பதில்தான் சொல்லுவா: “வேற எங்க சார் போவான்?” அவர் விருட்டுனு எழுந்து போவாரு. மறுநாள் காலையில பார்த்தா, காத்தை இறக்கின அதே பயலைப் பக்கத்துல உக்கார வெச்சு இயற்கணிதம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பாரு. இப்படியே வருஷக்கணக்கா ரெண்டு பேருக்கும் மல்லுக்கட்டு.

இப்போ எங்க வாலு கதைக்கு வர்றேன். ஒரே பையன். அம்மா ஸ்கூல்லயே பத்தாம் வகுப்பு. வீட்லயும் டீச்சர், ஸ்கூல்லயும் டீச்சர்னு அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும், பாவம். ஆனாலும் அவன் பண்ணினது லேசுப்பட்ட காரியமில்ல. பொதுத்தேர்வுக்கு முன்னாடி வைக்கிற மாதிரித் தேர்வுக்கு, கணக்கு சார் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தயார் பண்ணி, உறையில போட்டு இவகிட்டக் குடுத்திருக்காரு. இவ கைப்பையில வெச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தா. பையன் அதைப் பிரிச்சு, போன்ல படம் புடிச்சு, கடைசி பெஞ்சு முழுக்க அனுப்பிட்டான். பெரிய வள்ளல் பரம்பரை!

எப்படி மாட்டினாங்க தெரியுமா? கணக்கு சார் விடைக்குறிப்புல ஒரு கணக்கைத் தப்பாப் போட்டு வெச்சிருந்தாரு. கடைசி பெஞ்சு மொத்தமும் அந்தத் தப்பை அச்சு அசலா எழுதியிருக்கு. “தப்பு என்னோடதுதான். அதை நான் ஒத்துக்கறேன். ஆனா அது எப்படிய்யா கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போச்சு?” ன்னு ஆசிரியர் அறையில அவர் கத்தினது தெருவுக்கே கேட்டுதாம். விசாரிச்சாங்க. எங்க வாலே எழுந்து நின்னு, “நான்தான் சார்” னு சொல்லிட்டான். அது ஒண்ணுதான் அந்தக் காரியத்துல எனக்குக் கிடைச்ச ஆறுதல்.

விஷயம் பத்திக்கிச்சு. ‘அவங்க பையனாச்சே, என்ன பண்ணிடுவாங்க?’ன்னு வாசல்ல பெத்தவங்க பேச ஆரம்பிச்சாங்க. எனக்குப் பட்டறையில போன் வந்துச்சு. எடுத்தேன்.

“பள்ளிக்கூடத்துலேர்ந்து பேசறேன். பத்தாம் வகுப்பு மாணவனோட அப்பாவா?”

என் பொண்டாட்டி குரல்! “என்ன விளையாடுறியா?” ன்னேன்.

“உடனே வந்து பாருங்க” ன்னு சொல்லி வெச்சுட்டா.

கிரீஸ் கையோட ஓடினேன். பையன் அவ அறை வாசல்ல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறான். உள்ள மேஜை மேல டி.சி. புத்தகம். எழுதி முடிச்சு, கையெழுத்தும் போட்டு வெச்சிருக்கா.

“பைத்தியமா உனக்கு? பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இப்போ எவன் சேர்த்துக்குவான்? ஒரு வருஷம் போச்சுடி அவனுக்கு!”

“தெரியும்.”

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அம்மாவா இருக்கறவ, சொந்தப் பிள்ளைக்கு யாரு? மாமியாரா?”

“என்னங்க, அவனை வெச்சுக்கிட்டா, தன் பையனைக் காப்பாத்தத்தான் டி.சி. கிடையாதுன்னு இந்தம்மா சட்டம் போட்டிருக்காங்கன்னு பேசுவாங்க. அப்புறம் இந்த ஸ்கூலோட வார்த்தையை எவன் மதிப்பான்? இவ்வளவு நாள் கட்டினது எல்லாம் போயிடும்.” குரல் உடையல. ஆனா பேனாவை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கா. அவ சொல்றது தப்புன்னு தெரியுது, எப்படித் தப்புன்னு சொல்லத் தெரியல.

வகுப்பாசிரியர் கையெழுத்தும் வேணும். கணக்கு சார்தான் அது, அவரைக் கூப்பிட்டா. நான் மனசுக்குள்ள, போச்சுடா, இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தவரு, ரெண்டு கையாலயும் போடுவாருன்னு நினைச்சேன். அவர் வந்தாரு. கண்ணாடியை மாட்டி, நிதானமாப் படிச்சாரு. பேனாவைத் தொடல.

“மேடம், ஜன்னலை உடைச்சவனுக்கு நான் டி.சி. கேட்டேன். குடுத்தீங்களா?”

“இல்ல சார்.”

“என் வண்டியில காத்தை இறக்கினவனுக்கு? பரீட்சை நடக்கும்போதே சுவர் ஏறிக் குதிச்சவனுக்கு? என்னை மாதிரியே நடிச்சுக் காட்டி மொத்த வகுப்பையும் சிரிக்க வெச்சானே, அவனுக்கு?”

“இல்ல சார்.”

“அத்தனை பேரையும் என் தலையில கட்டினீங்க. ஒவ்வொருத்தனையும் மேய்ச்சு, பரீட்சை எழுத வெச்சு, என் முடியெல்லாம் கொட்டிப் போச்சு. இப்போ உங்க பையன்னதும் நைசா வெளிய அனுப்பறீங்க. ஏன், அவங்கள்லாம் எனக்கு வேணும், இவன் மட்டும் வேணாமா? மத்த அம்மாக்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? அதெல்லாம் நடக்காது மேடம். நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அவ ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. அவர் விடல.

“இப்போ நீங்க டீச்சர் இல்ல. எழுந்து அந்தப் பக்கம் போய், அவர் பக்கத்துல உக்காருங்க.”

எங்க வீட்டம்மாவை ஒருத்தர் அதட்டி நான் பார்த்ததே அன்னைக்குத்தான்! அவ எழுந்தா. மேஜையைச் சுத்தி வந்தா. பெத்தவங்களுக்குன்னு போட்டிருக்கற பிளாஸ்டிக் நாற்காலியில, என் பக்கத்துல உக்காந்தா. உக்காந்ததும் உடைஞ்சுட்டா. தேம்பித் தேம்பி அழுதா. நான் கிரீஸ் கையாலேயே அவ கையைப் புடிச்சுக்கிட்டேன்.

உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் பெருமைப்பட்டதில்ல. அங்கீகாரம் வந்த அன்னைக்கும் இல்ல, கட்டடம் எழும்பின அன்னைக்கும் இல்ல. அவ ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அவளையே எதிர்த்து நின்னுச்சு. அவளே தடுமாறினப்பவும் அது தடுமாறல. ஒரு மனுஷி இதுக்கு மேல என்னத்தைக் கட்டிட முடியும்?

கணக்கு சார் அந்த டி.சி. மேல குறுக்க ஒரு கோடு போட்டுப் புத்தகத்தை மூடினாரு. தேர்வை எல்லாருக்கும் மறுபடி வைக்கணும், வேற கேள்வித்தாள் தயார் பண்றேன்னாரு. இந்தத் தடவை விடைக்குறிப்பு தன் வீட்டை விட்டு நகராதுன்னும் சொன்னாரு.

அவ முகத்தைத் துடைச்சுக்கிட்டா. எத்தனையோ பேரு அந்த நாற்காலியில உக்காந்து அவகிட்டக் கேட்ட கேள்வியை, முதல் தடவையா அவ கேட்டா.

“சார், எங்க பையன் தேறிடுவானா?”

“தெரியாதும்மா” ன்னாரு கணக்கு சார். “நாளைக்கு முதல் பீரியட் எனக்குத்தான். வரச் சொல்லுங்க.”