அப்பாவின் ஒன்றரை ஏக்கரைத் தேடி

தை மாதம், காலை ஐந்து நாற்பது. தாம்பரம் ஸ்டேஷனில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன், நான்கு ரூபாய். இருபத்திரண்டு கிலோமீட்டர் போய் வந்ததைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். என் அப்பா பதினோரு வருடம் தினமும் போன வழி அது. நான் அன்றுதான் முதல் தடவை போனேன்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கழனி இருந்தது. எண்பத்து மூன்றில் அப்பா அதை மனை போடுகிறவர்களுக்கு விற்றார். அக்கா கல்யாணமும் என் டிப்ளமோ படிப்பும் அதில்தான் நடந்தன. "மிச்சத்துக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒண்ணரை ஏக்கர் வாங்கிட்டேன்" என்றார். மறுவாரமே சீசன் டிக்கெட் எடுத்து, மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஆபீஸ் போகிறவர் மாதிரி ரயிலேறினார். சாயங்காலம் துண்டில் முடிந்த வேர்க்கடலையோடு திரும்புவார். நானும் வருகிறேன் என்றால், "சேத்துல உனக்கு இன்னா வேலை? படி" என்பார். அந்த நிலம் இருக்கிற தைரியத்தில்தான் பின்னால் நான் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை போட்டேன்.

போன கார்த்திகையில் அப்பா போய்விட்டார், எழுபத்தெட்டு வயதில். பட்டறையும் படுத்துவிட்டது. நிலத்தை விற்றால்தான் அது எழுந்திருக்கும். பத்திரத்தை வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. நிலத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அம்மா தடுக்கவில்லை. "அது இருக்குதுன்னுதான்பா நான் தைரியமா இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரே கம்பெனிச் சட்டை போட்டிருந்தவர், "சார், கொஞ்சம் தள்ளிக் குந்துங்க. அது பெரியவர் எடம்" என்றார்.

"எந்தப் பெரியவர்?"

"மம்முட்டியச் சாக்குல சுத்தி எடுத்துகினு வருவாரே. ரெண்டு மாசமா காணோம்."

நான் அவர் மகன் என்றும், அவர் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன். அவர் டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "கழனிக்குப் போறேன்னு சொல்லவே மாட்டாரு சார். எங்கள மாதிரி டூட்டிக்குப் போறேன்னுதான் சொல்லுவாரு" என்றார். அப்பாவின் குறும்பு என்று நினைத்துச் சிரித்தேன்.

பெருங்களத்தூர் தாண்டியதும் ஒரே பனி. வண்டலூர், கூடுவாஞ்சேரி எல்லாம் பாதித் தூக்கத்தில் போயின. ஏரி எது, வயல் எது என்று தெரியவில்லை. குனிந்திருந்த முதுகெல்லாம் அப்பா முதுகாகவே பட்டது. ஒரு வயலில் அவர் இருபது வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்ததில் ஜுரம் கண்ட அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு ஓடினார். இன்னொன்றில், புதுசாய்க் கல்யாணமான அம்மா கொண்டுவந்த கூழில் பாதியைக் குடித்துவிட்டு, "போதும், நீ குடி" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டாங்குளத்தூரில் யாரோ இடித்துக்கொண்டு இறங்க, விழித்தேன். கன்னம் ஈரமாக இருந்தது.

ஆறு இருபத்தைந்துக்கு சிங்கப்பெருமாள் கோவில். ஸ்டேஷன் வாசலில் டீ ஒன்றே கால் ரூபாய். தாம்பரத்துப் பெரியவரின் கழனி எங்கே என்று கடைக்காரரைக் கேட்டேன். "செல்லம்மா கழனிதானே? ஏரிக்கரையோட ரெண்டு கிலோமீட்டர் போங்க" என்றார். அதை ஓர் அடையாளத்துக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வரப்பில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் செல்லம்மா. அப்பா இறந்ததைச் சொன்னதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அதான் வர்லியா" என்று இரண்டு தடவை சொன்னார்.

"அப்பா நெலத்தப் பார்க்க வந்தேங்க்கா. எது வரைக்கும் நம்முது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது என் கழனிப்பா. வூட்டுக்காரர் போனதும் தரிசா கெடந்தது. உங்கப்பா ஒரு நாள் ரயில்ல வந்து எறங்கி, நான் பாத்துக்கவாம்மான்னாரு. கூலி வாணாம், வருசத்துக்கு நாலு மூட்டை நெல்லு போதும். எங்க வூட்டாண்ட மட்டும் இது என் நெலமாவே இருக்கட்டும்னாரு."

"அப்ப அவருக்குன்னு நெலம்?"

"ஒரு சென்ட் கூட இல்லப்பா. வித்த காசெல்லாம் உங்க அக்கா கல்யாணத்துக்கும் உன் படிப்புக்குமே ஆயிடுச்சுன்னு சிரிப்பாரு."

முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். இல்லாத நிலத்தை நம்பியா நான் பட்டறை போட்டேன்? விற்க வந்தவனுக்கு விற்க ஒரு பிடி மண் இல்லை. ஆனால் நிலம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் பட்டறையே போட்டிருக்க மாட்டேன். கையெட்டிய கதிரைத் தொட்டேன். புரட்டாசியில் அவர் நட்டது. "அறுத்ததும் நாலு மூட்டைய அனுப்பிடறேன்" என்றார் செல்லம்மா.

பத்து மணி வண்டியில் திரும்பினேன். வெயிலில் வயல்கள் வெறும் வயல்களாக இருந்தன. தாம்பரம் நெருங்க நெருங்க அவையும் இல்லை. பட்டறைக்கு வேறு வழி தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "நெலம் எப்படிப்பா இருக்குது?"

"நல்லா வெளஞ்சிருக்கும்மா. விக்கப் போறதில்ல."

அம்மாவின் முகம் தெளிந்தது. பதினோரு வருடம் தினமும் சாயங்காலம் அப்பா இந்த முகத்தைப் பார்க்கத்தான் ரயிலேறிப் போய் வந்திருக்கிறார்.